நாயின் காலுக்கு ஒரு வரைபடம்: கணினிவழி வடிவமைப்பைக் கற்றலின் வரலாறு

கணினித் திரையில் ஒரு பொருளின் வடிவத்தை உருவாக்கி, அதற்கு அளவு குறித்து, பின்னர் எந்திரத்தின் உதவியால் அதைச் செய்துகொள்ள வழிசெய்யும் மென்பொருட்களைக் கணினிவழி வடிவமைப்புக் கருவிகள் என்று பொறியியல் நூல்கள் குறிப்பிடுகின்றன. பட்டறைகளிலும் பயிற்சி மையங்களிலும் அவற்றுக்குக் 'கேட்' என்ற சுருக்கப் பெயரே வழங்குகிறது. போர் விமானத்துக்கும் மோட்டார் காருக்கும் உருக்கொடுப்பதற்காகத் தோன்றிய இக்கருவிகள், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள், பாதம் இழந்த வாத்துக்கும் முன்கால் வளராத நாய்க்கும் உறுப்புச் செய்ய முனைவோரிடம் வந்து சேர்ந்தன. கணினியின் விலை சரிந்ததே இதற்குக் காரணம் என்று விளக்குவது வழக்கம். அந்த விளக்கம் பிழையன்று. ஆயினும் கருவியைக் கற்பது என்றால் எதைக் கற்பது என்ற கேள்விக்கு அது விடை தருவதில்லை. கோடு இழுப்பதைக் காட்டிலும் கோடுகளுக்கு இடையிலான உறவைக் கணினிக்கு அறிவிப்பதே வடிவமைப்பின் சாரம் என்ற கருத்து 1963இலேயே செயலில் காட்டப்பட்டது. இடையில் பல ஆண்டுகள் அது ஏறக்குறைய கைவிடப்பட்டது. மீண்டு வந்தபோதுதான், ஒரே ஓர் உடலுக்காக ஒரே ஒரு பொருளைச் செய்யும் வேலைக்கு இக்கருவிகள் உண்மையில் பொருந்தலாயின.

கணினிக்கு முந்தைய வரைகலையின் அடிப்படை, முப்பரிமாணப் பொருளைத் தட்டையான தாளில் பல பக்கத் தோற்றங்களாகப் பிரித்து வரையும் முறையாகும். மேலிருந்து நோக்கினால் தெரியும் தோற்றம், முன்னிருந்து நோக்கினால் தெரியும் தோற்றம் ஆகியவற்றைக் கணித ஒழுங்குடன் இணைத்துப் பொருளின் எந்தப் புள்ளியையும் கண்டறியும் இம்முறையைப் பிரான்சின் மெசியேர் இராணுவப் பொறியியல் பள்ளியில் காஸ்பார் மோன்ஜ் 1760களில் வகுத்தார். கோட்டை மதில்களை எதிரியின் பீரங்கிப் பார்வைக்கு எட்டாதபடி அமைக்கும் கணக்கிற்காக அது பிறந்தது என்பதால் நெடுங்காலம் இராணுவ இரகசியமாகவே காக்கப்பட்டு, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னரே பொதுப் பாடமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த நீல ஒளிப்படி முறை தொழிற்சாலைகளில் பரவியபோது, ஒரே வரைபடத்தின் பல படிகள் பட்டறைக்குச் செல்ல வழி ஏற்பட்டது. வரைபலகை, டி-ஸ்கொயர், செட்ஸ்கொயர், காம்பஸ், டிரேசிங் தாள் ஆகியவற்றோடு ஒரு டிராஃப்ட்ஸ்மேன் ஆண்டுக்கணக்கில் பழகிப் பெற்ற திறமை, கையின் திறமையும் கண்ணின் திறமையும் சேர்ந்ததாகும். ஆனால் அவர் வரைந்த தாளுக்கு எதுவும் தெரியாது. ஒரு துளை தகட்டின் நடுவில் இருக்க வேண்டும் என்பது வரைந்தவரின் மனத்தில் இருந்ததேயன்றித் தாளில் இருக்கவில்லை. தகடு அகலமானால் துளையை அழித்து மீண்டும் வரைய வேண்டியிருந்தது.

விலங்குகளுக்கான பொருட்கள் இந்த வரைகலை மரபுக்கு வெளியே, தச்சரும் கொல்லரும் தோல்வினைஞரும் நேரடியாகச் செய்தவையாகவே இருந்தன. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் தேவாலயக் கணக்கேடுகள், 1305 முதல் 1467 வரையிலான காலத்தில் பூனையின் பராமரிப்புக்கென வாரம் ஒரு பென்னி செலவிட்டதைக் காட்டுகின்றன. எலியைப் பிடிப்பது பூனையின் பணி. அதே தேவாலயத்தில் வானியல் கடிகாரத்தின் கீழுள்ள கதவில் பூனை நுழைவதற்காக 1598ஆம் ஆண்டளவில் ஆயரின் ஆணைப்படி தச்சர்கள் அறுத்த வட்டத் துளை இன்றும் காணக்கிடைக்கிறது. அத்துளைக்கு வரைபடம் தேவைப்படவில்லை. பூனை அருகில் இருந்தது, அதன் உடலளவு தச்சரின் கண்ணுக்குத் தெரிந்தது. பின்கால் செயலிழந்த நாய்களுக்கான சக்கர வண்டிகளை அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 1960களில் செய்யத் தொடங்கியபோதும், குழாயை வளைத்து, நாயின்மேல் வைத்துப் பார்த்து, மீண்டும் வளைப்பதே முறையாக இருந்தது. இத்தகைய பொருளைப் பெருந்தொகையில் உற்பத்தி செய்வது எளிதன்று என்பதும் இங்கே கவனத்துக்குரியது, ஏனெனில் டாக்ஸ்ஹண்ட் நாய்க்குப் பொருந்தும் வண்டி லாப்ரடாருக்குப் பொருந்தாது என்பது ஒருபுறமிருக்க, ஒரே இனத்தைச் சேர்ந்த இரு நாய்களின் ஊனம்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

கருவியின் வரலாறு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்குகிறது. எண்களால் இயக்கப்படும் பட்டறை எந்திரங்களுக்கு ஆணை எழுதும் மொழியை அங்கே உருவாக்கிய டக்ளஸ் ராஸின் குழு, 1959இல் அதைச் செய்தியாளர்களுக்கு அறிமுகப்படுத்தியபோது அலுமினியச் சாம்பல் கிண்ணங்களைச் செய்து நினைவுப் பொருளாக வழங்கியது. விமான உறுப்புகளுக்கான மொழி முதன்முதலில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது வீட்டுப் பண்டத்தின் வடிவில்தான் என்பது சுவையான முரண். அதே கழகத்தின் லிங்கன் ஆய்வகத்தில் டிஎக்ஸ்-2 என்ற கணினி இருந்தது. ஏறத்தாழ 65,000 சொற்களைத் தேக்கிவைக்கும் நினைவகமும், ஏழு அங்குலச் சதுரமான திரையும், திரையைத் தொட்டு இடம் காட்டும் ஒளிப்பேனாவும் உடைய அந்தக் கணினியை ஒரு மனிதர் மணிக்கணக்கில் தனியே பயன்படுத்த முடிந்தது. அக்காலத்துக்கு இது அரிய வாய்ப்பு. அந்த வாய்ப்பைப் பெற்ற ஐவன் சதர்லாந்து என்ற ஆய்வு மாணவர் 1963 ஜனவரியில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை விவரிக்கிறது. தகவல் கோட்பாட்டின் தந்தையான கிளாட் ஷானன் அவருக்கு நெறியாளராக இருந்தார்.

ஸ்கெட்ச்பேடைக் கணினியில் படம் வரையும் முதல் முயற்சி என்று மட்டும் சொல்வது அதைக் குறைத்து மதிப்பிடுவதாகும். பயன்படுத்துபவர் ஒளிப்பேனாவால் நான்கு கோடுகளைக் கோணல்மாணலாகவே இழுக்கலாம்; பின்னர் இந்த இரண்டும் இணையானவை, இவை ஒன்றுக்கொன்று செங்குத்தானவை, இவற்றின் நீளம் சமம் என்று பொத்தானை அழுத்தி அறிவித்தால், கணினி அந்த அறிவிப்புகள் யாவும் நிறைவேறும் வரை கோடுகளைச் சிறிது சிறிதாக நகர்த்திச் சதுரத்தை உண்டாக்கும். இவ்வாறு அறிவிக்கப்படும் ஒவ்வோர் உறவும் நிபந்தனை எனப்படும். எல்லா நிபந்தனைகளையும் ஒரே சமயத்தில் நிறைவேற்றும் நேரடிச் சூத்திரம் கிடைக்காதபோது, ஒவ்வொரு புள்ளியும் நிபந்தனையிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று கணக்கிட்டு, மொத்த விலகல் குறையும் திசையில் புள்ளிகளைத் தள்ளிக்கொண்டே செல்லும் தளர்வு முறையைச் சதர்லாந்து கையாண்டார். இதன் விளைவாக, சட்டங்களால் இணைந்த ஓர் எந்திர அமைப்பை வரைந்து அதன் ஒரு முனையை இழுத்தால், மற்றச் சட்டங்கள் தத்தம் நீளம் மாறாமல் சுழன்று இடம்பெயர்வதைத் திரையிலேயே காண முடிந்தது. பாலத்தின் தாங்குசட்டங்களை வரைந்து அவற்றில் பாயும் விசைகளைக் கண்டறியவும் அதே நிபந்தனைகளை அவர் பயன்படுத்திக் காட்டினார். ஆய்வேட்டின் ஒரு மூலையில் கண்சிமிட்டும் பெண்முகப் படமும் இருக்கிறது. கடுமையான ஆய்வுக்கு நடுவே அது எதற்கு என்று கேட்கத் தோன்றினாலும், கருவி யாருக்கெல்லாம் பயன்படக்கூடும் என்பதை அந்தப் படம் முன்னறிவித்தது எனலாம்.

ஸ்கெட்ச்பேடின் இரண்டாவது புதுமை மூலப்படமும் அதன் பிரதிகளும் என்ற ஏற்பாடாகும். ஓர் ஆணியை ஒருமுறை மூலமாக வரைந்து, அதை நூறு இடங்களில் பிரதியாக வைத்துவிட்டுப் பின்னர் மூலத்தைத் திருத்தினால், நூறு பிரதிகளும் உடனே திருந்தும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வரைபலகையின் தாள் அறியாதிருந்ததைக் கணினி அறிந்துகொண்டது என்பது புலப்படும். துளை நடுவில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வரைபவரின் மனத்திலிருந்து வரைபடத்துக்குள்ளேயே குடிபெயர்ந்தது.

தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்ட பாதை வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஐபிஎம்முடன் இணைந்து உருவாக்கி 1964இல் வெளியிட்ட டாக்-1 என்ற அமைப்பும், பிரான்சில் சிட்ரோயன் நிறுவனத்தில் போல் த காஸ்தெல்ஜோவும் ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியேவும் தனித்தனியே கண்ட வளைகோட்டு முறைகளும் காரின் உடல்தகட்டு வளைவை எண்களாக்கும் தேவையிலிருந்து எழுந்தவை. கப்பல் கட்டுவோர் மெல்லிய மரப்பட்டையைச் சில இடங்களில் ஈய எடை வைத்து வளைத்து வளைகோடு வரைந்தனர். பெசியேயின் முறையில் சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளை நகர்த்தினால் வளைகோடு அவற்றை நோக்கி இழுபட்டு வளைகிறது. காஸ்தெல்ஜோவின் பணி 1959 அளவிலேயே முடிந்திருந்தும் நிறுவனம் அதை வெளியிட விடாததால் பெயர் பெசியேக்குப் போயிற்று. போர் விமானத் தயாரிப்பாளரான தசோ நிறுவனத்தில் 1977இல் தொடங்கிய கட்டியா மென்பொருளும் இம்மரபைச் சேர்ந்ததே. இவற்றைக் கற்கும் வாய்ப்பு அந்தந்த நிறுவன ஊழியர்களுக்கு மட்டுமே கிட்டியது, ஏனெனில் கணினி, திரை, மென்பொருள் மூன்றும் சேர்ந்த அமைப்புகள் 1970களில் லட்சம் டாலரைத் தாண்டிய விலையில் விற்றன.

அதே காலத்தில் பல்கலைக்கழகங்களில் வேறொரு வினா எழுப்பப்பட்டது: கோடுகளின் கூட்டமாகத் தோன்றும் ஒன்று உள்ளே நிரம்பிய பொருள்தான் என்பதைக் கணினி எவ்வாறு அறியும்? கேம்பிரிட்ஜில் இயன் பிரைட், பொருளைச் சூழ்ந்த முகங்களும் விளிம்புகளும் முனைகளும் ஒன்றோடொன்று எவ்வாறு இணைகின்றன என்ற பட்டியலாக அதைச் சேமித்தார். அமெரிக்காவின் ரோசெஸ்டரில் ஹெர்பர்ட் வோல்க்கரும் அரிஸ்டிடிஸ் ரெக்கிச்சாவும், பெட்டி, உருளை போன்ற எளிய திண்மங்களைக் கூட்டியும் கழித்தும் சிக்கலான பொருளைப் பெறும் முறையை வளர்த்தனர். துளை என்பது அம்முறையில் தகட்டிலிருந்து கழிக்கப்பட்ட உருளை. இவ்விரு மரபுகளும் இன்று வரை தொடர்கின்றன; வளர்ப்பு விலங்குக்குத் தட்டு செய்யும் புதுப் பயிலுநர் எந்த மென்பொருளைத் தொட்டாலும் இவற்றில் ஒன்றையோ இரண்டையுமோ பழகுகிறார்.

1982 டிசம்பரில் வெளிவந்த ஆட்டோகேட், இவ்வரலாற்றின் மிகப் பெரிய பரவலும் ஒருவகையில் மிகப் பெரிய பின்னடைவுமாகும். ஜான் வாக்கரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய ஆட்டோடெஸ்க் நிறுவனம், மைக் ரிடில் எழுதியிருந்த நிரலை அடிப்படையாகக் கொண்டு, மேசைக் கணினியிலேயே இயங்கக்கூடிய வரைகலை மென்பொருளை ஆயிரம் டாலர் அளவிலான விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிறு கட்டடக்கலை அலுவலகமும் சிறு பட்டறையும் அதை வாங்க முடிந்தது. ஆனால் அது செய்தது வரைபலகையைத் திரைக்கு மாற்றியதே. கோடுகள் துல்லியமாக இருந்தன, அழிப்பதும் படியெடுப்பதும் எளிதாயின, எனினும் கோடுகளுக்குத் தம்மிடையே உள்ள உறவு தெரியவில்லை. ஸ்கெட்ச்பேட் 1963இல் செய்துகாட்டிய நிபந்தனைகள், ஆட்டோகேடின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இடம்பெற்றன. மேசைக் கணினியின் வலுக்குறைவு இதற்கு ஒரு காரணம். தாளில் பழகிய டிராஃப்ட்ஸ்மேன்கள் தாளைப் போன்ற திரையையே விரும்பினர் என்பது அதைவிட வலுவான காரணமாகத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் கேட் கற்பது ஒரு பொது வழக்கமானதும் இந்த மென்பொருளின் வழியாகவே. சென்னையில் 1988இல் தொடங்கிய கேட் சென்டர் போன்ற பயிற்சி நிறுவனங்களும், தொழிற்பயிற்சி நிலையங்களின் டிராஃப்ட்ஸ்மேன் பிரிவுகளும், பாலிடெக்னிக் மாணவர்கள் விடுமுறையில் சேரும் சிறு மையங்களும் ஆட்டோகேடின் ஆணைகளையே முதற்பாடமாக வைத்தன. அப்பயிற்சியின் நோக்கம் வேலைவாய்ப்பு. கற்றவர் வரைந்தது வேறொருவரின் கட்டடத்தையும் வேறொருவரின் எந்திர உறுப்பையும்தான். சொந்தத் தேவைக்காக ஒருவர் இக்கருவியைக் கற்பார் என்ற எண்ணம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை, இருக்க வேண்டிய தேவையும் அன்றில்லை, ஏனெனில் வரைந்ததைச் செய்துதரும் எந்திரம் வீட்டில் கிடையாது.

கைவிடப்பட்ட கருத்தை மீட்டவர் சோவியத் நாட்டிலிருந்து 1974இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கணிதவியலர் சாமுவேல் கெய்ஸ்பெர்க் ஆவார். அவர் 1985இல் தொடங்கிய பாராமெட்ரிக் டெக்னாலஜி நிறுவனம் 1980களின் இறுதியில் வெளியிட்ட புரோ-இன்ஜினியர் மென்பொருளில், திண்ம மாதிரியும் நிபந்தனையும் ஒன்றுசேர்ந்தன. ஒவ்வோர் அளவும் பெயரிடப்பட்ட அளபுருவாக, அதாவது பின்னர் மாற்றக்கூடிய மதிப்பாக, இருந்தது. அடிப்படைத் தகடு, அதன்மேல் மேடு, மேட்டில் துளை, துளை விளிம்பில் வளைவு என்று பொருள் உருவான வரிசை முழுவதும் நினைவில் வைக்கப்பட்டது. தகட்டின் அகலத்தை மாற்றினால் மென்பொருள் அந்த வரிசையை முதலிலிருந்து மீண்டும் நடத்திப் புதிய பொருளைத் தந்தது. தையற்காரரிடம் அளவுச் சட்டையைக் கொடுத்தால் அவர் வெட்டும் முறை மாறாமல் அங்குலம் மட்டும் மாறுவதைப் போன்றதே இது. ஜான் ஹர்ஷ்டிக் 1993இல் தொடங்கிய நிறுவனம் 1995இல் வெளியிட்ட சாலிட்வொர்க்ஸ், அதே முறையைச் சாதாரண விண்டோஸ் கணினிக்கு, ஏறத்தாழ நான்காயிரம் டாலர் விலையில் கொண்டுவந்தது. 

நான்காயிரம் டாலர் என்பது ஒரு பொறியியல் நிறுவனத்துக்குக் குறைவு. வீட்டில் நாய் வளர்ப்பவருக்கு அது எட்டாத தொகை. இடைவெளியை நிரப்பியவை இலவச மென்பொருட்கள். மாத்ரா தாத்தாவிசியோன் என்ற பிரெஞ்சு நிறுவனம் தன் திண்ம மாதிரிக் கணக்கீட்டு மையத்தை 1999இல் திறந்த மூலமாக வெளியிட்டது. அதன்மேல் எழுப்பப்பட்ட ஃப்ரீகேட் 2002 முதல் தன்னார்வலர்களால் வளர்க்கப்படுகிறது. ரோசெஸ்டர் மரபைப் பின்பற்றிய ஓபன்எஸ்கேட் 2010 அளவில் வெளிவந்தது. அதில் சுட்டியால் எதையும் வரைவதில்லை, பெட்டியிலிருந்து உருளையைக் கழி என்பது போன்ற வரிகளை எழுதினால் மென்பொருள் உருவத்தைக் காட்டும். 2011இல் தோன்றி 2013இல் ஆட்டோடெஸ்க் வசமான டிங்கர்கேடோ, பள்ளிச் சிறுவர்களும் இணைய உலாவியில் வண்ணக் கட்டைகளைச் சேர்த்தும் குடைந்தும் பொருள் செய்ய வழிவகுத்தது. மூன்றும் இலவசம் என்றாலும் அவை கற்பிப்பவை ஒன்றல்ல. டிங்கர்கேடில் ஒரு மணி நேரத்தில் கிண்ணம் செய்துவிடலாம், ஆனால் கட்டைகளின் அளவுகளுக்கிடையே உறவு எதுவும் பதிவாவதில்லை. ஃப்ரீகேடில் முதல் கிண்ணத்துக்கே பல நாட்கள் ஆகலாம், ஆனால் இரண்டாவது கிண்ணம் ஓர் எண்ணை மாற்றுவதால் கிடைக்கிறது.

வரைந்ததை வீட்டிலேயே செய்துகொள்ளும் எந்திரமும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வந்தது. நெகிழியிழையை உருக்கி அடுக்கடுக்காகப் படியவைத்துப் பொருளை எழுப்பும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்திருந்தார். மகளுக்குப் பொம்மைத் தவளை செய்ய ஒட்டும் துப்பாக்கியைக் கையாண்டபோது தோன்றிய எண்ணம் அது என்று சொல்லப்படுகிறது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் திட்டம், தன் உறுப்புகளில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் மலிவான முப்பரிமாண அச்சு எந்திரத்தின் வரைபடங்களை உலகுக்கு இலவசமாக வழங்கியது. கிரம்பின் அடிப்படைக் காப்புரிமை 2009இல் காலாவதியானபின் வீட்டு அச்சு எந்திரங்களின் சந்தை திறந்துகொண்டது.

விலங்குக்கான புகழ்பெற்ற தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று வீட்டு விலங்குக்குரியதன்று. அலாஸ்காவில் 2005இல் சுடப்பட்டு மேலலகின் பெரும்பகுதியை இழந்த பியூட்டி என்ற வெண்தலைக் கழுகுக்கு, ஐடஹோ மாநிலத்தில் 2008இல் செயற்கை அலகு பொருத்தப்பட்டது. எஞ்சியிருந்த அலகுத் துண்டின் அச்சை எடுத்து, அதைக் கணினிக்கு மாற்றி, இயந்திரப் பொறியாளர் ஒருவர் திரையில் அலகை வடிவமைத்தார். நைலான் கலப்பு நெகிழியில் அது உருவாக்கப்பட்டது. அலகின்றித் தானே நீர் பருகவும் இறகைக் கோதவும் இயலாதிருந்த பறவை, இரண்டையும் மீண்டும் செய்தது. அலகின் அடித்துண்டு பிற்பாடு வளரத் தொடங்கியதால் செயற்கை அலகு நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்திர உறுப்பை வடிவமைப்பவருக்குத் தண்டும் தாங்கியும் தம் அளவை மாற்றிக்கொள்வதில்லை, உயிருடம்பு மாற்றிக்கொள்கிறது.

டென்னஸி மாநிலத்து நீர்ப்பறவைக் காப்பகமொன்றில் வளர்ந்த பட்டர்கப் என்ற வாத்தின் செய்தி 2013இல் வெளியானது. பின்னோக்கித் திரும்பிய பாதத்துடன் பொரிந்த அந்த வாத்தால் வலியும் தொற்றும் இன்றி நடக்க முடியாததால், பாதம் அறுவைசிகிச்சையால் நீக்கப்பட்டது. புதிய பாதத்தின் வடிவத்துக்கு மாதிரியாக அமைந்தது அதன் உடன்பிறந்த வாத்தான மின்னியின் பாதம்; அதைப் பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களிலிருந்து கணினி மாதிரி உருவாக்கப்பட்டது. அச்சு எந்திரம் தந்த நெகிழி விறைப்பானது, நீந்தும் பறவையின் பாதமோ நெளிய வேண்டியது. ஆகவே பாதத்தை அச்சிடுவதை விட்டுவிட்டு, பாதத்தின் உட்குழிவான வார்ப்பு அச்சை மட்டும் அச்சிட்டு, அதற்குள் சிலிக்கோனை ஊற்றி மென்மையான பாதத்தை வார்த்தெடுத்தனர். கணினி மாதிரியைக் கற்பவர்கள் பெரிதும் கவனிக்க வேண்டிய முடிவு இது: திரையில் வரைந்த வடிவமே இறுதிப் பொருளாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, திண்மத்திலிருந்து திண்மத்தைக் கழித்து அச்சுப்பெட்டி செய்வது அதே மாதிரியிலிருந்து ஒரே ஆணையில் கிடைக்கும் துணைவிளைவாகும்.

மூன்றாவது, 2014இன் இறுதியில் பரவலாகப் பேசப்பட்ட டெர்பி என்ற நாய். முன்கால்கள் முழுமையாக வளராமல், பாதமின்றிப் பிறந்த அந்த நாய் தொடக்கத்தில் சக்கர வண்டியில் நகர்ந்தது. வண்டியுடன் பிற நாய்களோடு தடையின்றி ஓடி விளையாட முடியவில்லை. அச்சு எந்திரம் தயாரிக்கும் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் நாயைத் தற்காலிகமாகப் பராமரித்ததால் அந்நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் இதில் ஈடுபட்டனர். காலின் அடித்தண்டை ஏந்தும் மென்மையான கிண்ணமும், அதன்கீழ் தரையில் உருளும் வளையமும் கொண்ட வடிவம் உருவாயிற்று. கூர்முனையுள்ள கோல் மண்ணில் புதையும், வளைந்த வளையம் ஓட்டத்தில் உருண்டு எழும் என்பதே அதன் நியாயம். முதல் கால்கள் குட்டையாகவே செய்யப்பட்டன, ஏனெனில் தாழ்ந்தே நின்று பழகிய நாயின் முதுகெலும்பும் தசையும் திடீரென உயர்வதைத் தாங்கா. நாய் பழகியபின், முழங்கால் போன்ற மடிப்புடைய உயரமான கால்கள் அடுத்த கட்டமாகத் தரப்பட்டன. உயரம் என்ற ஓர் அளவைப் படிப்படியாகக் கூட்டிச் செல்லும் இந்த முறைக்கு, கெய்ஸ்பெர்க்கின் அளபுருவைவிடப் பொருத்தமான கருவியை எண்ணிப் பார்ப்பது கடினம்.

இவையெல்லாம் தேர்ந்த பொறியாளர்களின் பணிகள். சாதாரணப் பயிலுநர் முதலில் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் உணவுத் தட்டின் தாங்கி, கழுத்துப்பட்டையின் கொக்கி, குறித்த நேரத்தில் உணவு விழச்செய்யும் கருவி போன்றவையாகும். கடைசியாகச் சொன்ன கருவியில், புனல் வடிவத் தொட்டியின் அடியில் சிறு மோட்டாரால் சுழலும் இதழ்ச்சக்கரம் இருக்கும்; ஒவ்வொரு சுற்றிலும் இரு இதழ்களுக்கு இடையிலுள்ள உணவு கீழே விழும். பயிலுநர் இதழ்ச்சக்கரத்தை அழகாக வரைந்து அச்சிட்டபின், உணவுத் துணுக்குகள் இதழுக்கும் சுவருக்கும் இடையில் சிக்கி மோட்டார் நின்றுவிடுவதைக் காண்கிறார். துணுக்கின் பருமனை முதல் அளபுருவாக வைத்து, இதழிடைவெளியும் புனல் வாயும் அதன் மடங்குகளாக அமையுமாறு உறவை எழுதியிருந்தால், பூனை உணவிலிருந்து நாய் உணவுக்கு மாறும்போது ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். அச்சுக்கும் துளைக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியும் இவ்வாறே. வீட்டு அச்சு எந்திரங்களில் அது பொதுவாக 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை தேவைப்படுவதால், அதற்கும் தனிப் பெயரிட்டு எல்லாத் துளைகளையும் அதனோடு பிணைப்பது அனுபவமுள்ளோர் வழக்கம். மலிவாகக் கிடைக்கும் பிஎல்ஏ நெகிழி ஏறத்தாழ 60 பாகை வெப்பத்திலேயே இளகத் தொடங்குவதால், சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த கொக்கி கோணிப்போவதற்கு எந்த மென்பொருளையும் குறைசொல்வதற்கில்லை.

உறவை அறிவிக்கும் முறைக்கு அதற்கே உரிய இடரும் உண்டு. ஃப்ரீகேடில் ஒரு பெட்டியின் மேல்முகத்தின்மீது துளை வரைந்தால், அந்த முகத்தை மென்பொருள் ஆறாம் முகம், ஏழாம் முகம் என்று வரிசை எண்ணால் நினைவில் வைத்திருந்தது. பின்னர் பெட்டியில் ஒரு வெட்டுச் சேர்ந்தால் முகங்களின் எண்ணிக்கை மாறி, வரிசை எண்களும் இடம்மாறி, துளை பக்கச் சுவருக்குத் தாவிவிடும் அல்லது மாதிரி முழுவதுமே பிழையென்று நின்றுவிடும். முகத்துக்கு நிலையான அடையாளம் கொடுப்பது எவ்வாறு என்ற இந்தச் சிக்கல் திண்ம மாதிரி முறையோடு பிறந்தது. வணிக மென்பொருட்கள் தத்தம் வழியில் அதைச் சமாளித்தன, ஃப்ரீகேடோ 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் அதற்குப் பெருமளவு தீர்வு கண்டது. அதுவரை அம்மென்பொருளைக் கற்றவர்கள், துளைகளை முகங்களோடு பிணைக்காமல் மூலத் தளங்களோடு பிணைக்கும் தற்காப்புப் பழக்கத்தைக் கற்றனர். அப்பழக்கம் இப்போதும் நல்ல பழக்கமாகவே கருதப்படுகிறது.

இத்தனைக்கும் பிறகு, பகிர்வுத் தளங்களில் கிடைக்கும் விலங்குக் கருவிகளின் மாதிரிகளில் பெரும்பாலானவை எஸ்டிஎல் என்ற கோப்பு வடிவிலேயே உள்ளன. முப்பரிமாண அச்சின் முன்னோடியான சக் ஹல்லின் நிறுவனம் 1980களில் வகுத்த இவ்வடிவம், பொருளின் மேற்பரப்பைச் சிறு முக்கோணங்களின் பட்டியலாக மட்டும் வைக்கிறது. அதில் அளபுரு இல்லை, நிபந்தனை இல்லை, மில்லிமீட்டரா அங்குலமா என்ற அலகுக் குறிப்புக்கூட இல்லை. அச்சு எந்திரத்துக்கு அது போதும். தன் நாய்க்கு இரண்டு சென்டிமீட்டர் நீளமான தாங்கி தேவைப்படுபவருக்கோ அது நீலப்படித் தாளைப் போல ஊமையாகவே இருக்கிறது. மொத்தமாகப் பெரிதாக்கினால் திருகுத் துளையும் சேர்ந்து பெரிதாகிவிடும். திங்கிவர்ஸ் தளம் 2013 ஜனவரியில் அறிமுகப்படுத்திய கஸ்டமைசர் என்ற வசதி, ஓபன்எஸ்கேட் வரிகளாகப் பதிவேற்றப்பட்ட மாதிரியின் அளபுருக்களை எண் நிரப்பும் பெட்டிகளாகக் காட்டி, கழுத்துச் சுற்றளவையோ கால் நீளத்தையோ இட்டால் புதிய கோப்பைத் தந்தது. அதைப் பயன்படுத்துபவர் எதையும் கற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெட்டிகளில் எந்த எண் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று முன்கூட்டி எழுதிவைக்க, எங்கோ ஒருவர் கற்றிருக்க வேண்டியிருந்தது.